இரண்டாயிரம் ரூபாய் மீனும் முந்நூறு ரூபாய் வருமானமும்

கேள்வி:

என் அப்பா காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளியாக இருந்தவர். வயது 58. இரண்டு கிட்னியும் பழுதாகி ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போகிறார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வைத்து ஒரு தனியார் மருத்துவமனையில் காசில்லாமல் நடந்துகொண்டிருந்தது. போன மாதம் திடீரென்று, “கார்டு எடுக்கலம்மா, புது இன்கம் சர்டிபிகேட் கொண்டாங்க” என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து வியாசர்பாடி பக்கம் கூடையில் விற்கிறார். சான்றிதழுக்கு விசாரித்தபோது, “ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்துக்கு விப்பேன் சார்” என்று சொல்லிவிட்டார். சான்றிதழில் ஆண்டு வருமானம் ஆறு லட்சம் என்று வந்திருக்கிறது! தம்பி மூன்று மாதமாக மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான், 18,000 சம்பளம். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பிறகு எண்ணூர் பக்கம் தனியாகக் குடி போகிறான். “இப்பவே அவன் பேர ரேஷன் கார்டுலருந்து தூக்கிடு” என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர், 72,000 என்று போட்டு சான்றிதழ் வாங்கித் தர 4,000 கேட்கிறார். என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்குக் கல்யாணமாகி கொடுங்கையூரில் இருக்கிறேன், இரண்டு வயதில் பெண் குழந்தை. எல்லாவற்றுக்கும் அலைவது நான்தான். அப்பா கார்டிலிருந்து என் பேரை எடுத்தாகிவிட்டது, மாமியார் வீட்டுக் கார்டில் இன்னும் ஏறவில்லை. அது கிடக்கட்டும், அப்பாவுக்கு வழி சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, கொடுங்கையூர்

பதில்: மருத்துவ சமூகப் பணியாளர்

சகோதரிக்கு,

சான்றிதழ், தம்பி, புரோக்கர் எல்லாம் அப்புறம். அப்பாவுக்கு அடுத்த டயாலிசிஸ் என்றைக்கு? கார்டு சரியாகும் வரை பார்க்கலாம் என்று ஒரு முறைகூடத் தள்ளிப்போடாதீர்கள். உடம்பில் தண்ணீர் கோத்து, பொட்டாசியம் ஏறி, ராத்திரியில் மூச்சு வாங்கி வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் ஏதோ ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தவர்கள்.

நாளைக் காலையிலேயே ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறக் காப்பீட்டு அட்டை நுழைவுச் சீட்டு இல்லை. அட்டை இருந்தால் அந்தச் சிகிச்சைக்கான தொகை மருத்துவமனைக்குக் காப்பீட்டிலிருந்து வரும், அதனால் கேட்பார்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்ப மாட்டார்கள். டயாலிசிஸ் மெஷினுக்கு வரிசை இருக்கலாம், ராத்திரி ஷிப்ட் கிடைக்கலாம், முகம் சுளிக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது ஒன்றை மறக்காதீர்கள். இப்போது பார்க்கும் மருத்துவமனையிலிருந்து சிகிச்சைச் சுருக்கம், கடைசி சில டயாலிசிஸ் சார்ட், கூடவே எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை முடிவு. இந்த மூன்றாவது ரிப்போர்ட்டைத்தான் ‘வைரல் மார்க்கர்’ என்பார்கள். மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவருக்குத் தனி மெஷின் என்பதால், அது இல்லாமல் எந்த யூனிட்டிலும் சட்டென்று மெஷினில் போட மாட்டார்கள். அந்த ஒரு தாளுக்காக இரண்டு நாள் போனவர்கள் உண்டு.

இனி கார்டு. “கார்டு எடுக்கல” என்று கவுன்ட்டரில் சொன்னார்கள் அல்லவா, அது ஒரு பதிலே இல்லை. எந்தக் காரணத்தால் எடுக்கவில்லை என்பதுதான் பதில். அட்டையே செல்லாமல் இருக்கலாம். அட்டை செல்லும், அப்பாவின் பெயரோ வயதோ ஆதாரோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் என்ற வரம்பு நெருங்கியிருக்கலாம். டயாலிசிஸ் மாதிரித் தொடர் சிகிச்சைக்கு முதலில் வாங்கிய அனுமதி காலத்துக்கும் செல்லாது, திரும்பத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். அதை மருத்துவமனையே அனுப்பாமல் விட்டிருக்கலாம். அல்லது அந்த மருத்துவமனைக்கு அந்தச் சிகிச்சைக்கான அங்கீகாரம் போயிருக்கலாம். இத்தனையும் கவுன்ட்டரில் இருக்கும் பிள்ளையின் வாயில் “கார்டு எடுக்கல” என்ற ஒரே சொல்லாகத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இதில் இன்கம் சர்டிபிகேட்டால் தீர்வது ஒன்றிரண்டுதான்.

இதை நான் மேதாவித்தனமாகச் சொல்லவில்லை. இந்த வேலைக்கு வந்த புதிதில் நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். புளியந்தோப்பிலிருந்து ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் மனைவியின் இதய அறுவை சிகிச்சைக்கு வந்தார். கணினியில் அட்டை ஏறவில்லை. வழக்கம்போல “இன்கம் சர்டிபிகேட் புதுசா வாங்கிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு நாள் அலைந்து வாங்கி வந்தார். அப்போதும் ஏறவில்லை. பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். அட்டையில் ‘லெட்சுமி’, ஆதாரில் ‘லக்ஷ்மி’. அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது. அந்த மனிதர் என்னைத் திட்டக்கூட இல்லை, “சரியாயிடுச்சா சார்?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து காரணம் தெரியாமல் யாரையும் காகிதத்துக்கு அனுப்புவதில்லை.

ஆகவே, குடும்ப அட்டை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 1800 425 3993 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லாத எண் அது. மூன்றே கேள்வி: எங்கள் அட்டை நடப்பில் இருக்கிறதா? அதில் யார் யார் பெயர் இருக்கிறது? இந்த மருத்துவமனையிலிருந்து அப்பா பெயரில் கடைசியாக அனுமதி கேட்டது எப்போது, என்ன பதில் போனது? கேட்ட தேதி, நேரம், பேசியவர் சொன்னது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். திட்டத்தின் இணையதளத்திலும் ரேஷன் கார்டு எண்ணைப் போட்டால் குடும்பத்தின் காப்பீட்டு எண் வரும், அட்டையைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். பிறகு மருத்துவமனைக்குப் போய், கவுன்ட்டரில் நிற்காமல், காப்பீட்டைப் பார்க்கும் ஆள் யார் என்று கேட்டு அவரிடம், “என்ன காரணம்னு எழுதிக் குடுங்க” என்று சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். எழுதிக் கேட்டாலே பாதி ‘இல்லை’கள் ‘இருங்க பார்க்கிறேன்’ ஆகிவிடும். இடையில் “இப்ப கட்டிடுங்க, அப்ரூவல் வந்தா திருப்பித் தர்றோம்” என்றால் கட்டாதீர்கள். இந்தத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்கு நோயாளி கையிலிருந்து காசு வாங்கக் கூடாது. வேறு வழியில்லாமல் கட்டினால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் என்று அரசுக் காப்பீடு உண்டு. கொரோனா காலத்தில் அதிலிருந்து யாரையும் நீக்கக் கூடாது என்று நிறுத்திவைத்திருந்தார்கள். 2023 ஏப்ரலிலிருந்து தகுதியை மறுபடி சோதிக்க ஆரம்பித்து, இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் நீக்கினார்கள். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் தகுதி இல்லையென்று முடிவாகி நீக்கப்பட்டவர்கள் அல்ல. வீடு மாறியதில் கடிதம் வந்து சேரவில்லை, படிவம் நிரப்பி அனுப்பவில்லை, கேட்ட தாள் நாளுக்குள் போகவில்லை, அவ்வளவுதான். கணினியும் காசும் கொழிக்கிற நாட்டிலேயே இந்தக் கதி. காசிமேட்டில் ஏலக் கூச்சலுக்கு நடுவில் நிற்கிற உங்கள் அம்மா ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னார் என்று வீட்டில் யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

அந்த ஆறு லட்சத்துக்கு வருவோம். 2,000-ஐ 300 நாளால் பெருக்கியிருக்கிறார்கள். கேட்டவர் கேட்டது வருமானம். அம்மா சொன்னது விற்பனை. மீன் விற்கிற, இட்லிக் கடை போடுகிற, பூ கட்டுகிற பெண்கள் எல்லோருக்கும் நேர்வது இது. கையில் புரளுகிற துட்டைத்தான் சொல்வார்கள், மிஞ்சுகிற துட்டைச் சொல்ல மாட்டார்கள். அதில் ஒரு கௌரவமும் இருக்கிறது. “முந்நூறு ரூவாதான் நிக்கும்” என்று வெளியாள் முன் சொல்ல எந்த வியாபாரிக்கும் மனசு வராது.

அம்மாவை உட்கார வைத்து ஒரு சாதாரண நாளின் கணக்கைக் கேட்டு எழுதுங்கள். நான் உத்தேசமாகப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் கணக்கு வேறாக இருக்கும். விற்றது 2,000. ஏலத்தில் எடுத்தது 1,500. ஐஸ் 50. கூடையோடு ஷேர் ஆட்டோ போக வர 120. உட்காரும் இடத்துக்கும் மற்றதுக்கும் 30. மிச்சம் 300. இது நல்ல நாள். வெயிலில் மிஞ்சிக் கெட்டுப்போன மீன் இருந்தால் அதுவும் இல்லை. அடுத்து, வருடத்தில் எத்தனை நாள்? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு இறங்காது. பைபர் படகு மீன் வந்தாலும் ஏல விலை எட்டாத உயரத்தில் நிற்கும். புரட்டாசியில் பாதி வாடிக்கையாளர் வர மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை ஏறினால் துறைமுகமே அடங்கிவிடும். இதோடு வாரம் இரண்டு நாள் அப்பாவோடு மருத்துவமனையில் உட்கார்ந்த நாட்கள். இதையெல்லாம் முழுதாகக் கழிக்காமல், தாராளமாக 250 நாள் என்று வைத்தாலும் வருடத்துக்கு 75,000. ஆறு லட்சம் எங்கே, முக்கால் லட்சம் எங்கே.

திட்டத்தின் வருமான வரம்பு 2022 ஜனவரியில் 72,000-லிருந்து 1,20,000 ஆக உயர்ந்துவிட்டது. அந்த புரோக்கர் இன்னமும் 72,000 என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் பாருங்கள், பழைய பாடம். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். அவர் கேட்கும் 4,000-க்குக் கிடைப்பது பொய்யான ஒரு எண். நாளை எவரேனும் சரிபார்த்தால் மாட்டிக்கொள்வது அப்பாவின் பெயர்தான், அவர் பெயர் அல்ல. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

சான்றிதழுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், ஆனால் எப்போது என்பதைக் கீழே சொல்கிறேன். விண்ணப்பிக்கும்போது இந்தக் கணக்கை ஒரு பக்கத்துக்கு எழுதி, அம்மாவின் கையெழுத்தோடு இணையுங்கள். அம்மா மீனவ மகளிர் கூட்டுறவு சங்கத்தில் இருந்தால் அந்த அட்டை, அப்பாவின் மீனவர் நலவாரிய அட்டை, சேமிப்பு நிவாரணத் திட்டப் பாஸ்புக் எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள். அப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை என்பதற்கு டயாலிசிஸ் சார்ட்டைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? விண்ணப்பம் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாக மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போகும். வி.ஏ.ஓ. விசாரிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். “விக்கிறது எவ்வளவு, நிக்கிறது எவ்வளவு” என்று இரண்டையும் அம்மா தன் வாயாலேயே பிரித்துச் சொல்லட்டும். அப்படியும் பழைய எண்ணே வந்தால், தண்டையார்பேட்டை தாலுகா அலுவலகத்தில் வட்டாட்சியரை நேரில் பாருங்கள். அதற்கும் மேல் வருவாய்க் கோட்டாட்சியர், திங்கட்கிழமை ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள்.

இப்போது தம்பி. இங்கேதான் நீங்கள் என்னிடம் ஒரு குறுக்குவழியை எதிர்பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் இல்லை. மாதம் 18,000 என்றால் வருடத்துக்கு 2,16,000. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே ரேஷன் கார்டு. கேட்பது குடும்ப வருமானம். அம்மாவின் 75,000-ஐயும் சேர்த்தால் 2,91,000. வரம்பைத் தாண்டுகிறது. தம்பி அந்த வீட்டில் படுத்து எழுந்துகொண்டே பெயரை மட்டும் கார்டிலிருந்து எடுப்பதை நான் சொல்ல மாட்டேன். பொய் என்பதால் மட்டும் இல்லை, அது ஆபத்து. பெயர் நீக்கிய பிறகு வேறு கார்டில் ஏறாமல் நடுவில் தொங்கினால் அந்தப் பிள்ளைக்கு ரேஷன் கார்டை வைத்துக் கிடைக்கிற எதுவும் கிடைக்காது. துறைமுகம், யார்டு என்று கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வேலை பார்க்கிறவன் அவன்.

தையில் அவன் கல்யாணமாகி எண்ணூருக்குப் போய்த் தனியாக அடுப்பு வைக்கும்போது பிரிப்பது உண்மையான பிரிவு. புதுக் கார்டுக்கு அதிகாரிகள் பார்ப்பதும் அதைத்தான், தனிச் சமையல் இருக்கிறதா என்று. அப்போது அவன் பெயரை எடுங்கள், அப்பா அம்மா பெயர் இருக்கும் கார்டு அப்படியே இருக்கட்டும். எடுத்த கையோடு அவனும் மனைவியும் புதுக் கார்டுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அப்பா அம்மாவுக்கான வருமானச் சான்றிதழை அதன் பிறகு கேளுங்கள். 75,000 என்று நிமிர்ந்து நின்று சொல்லலாம். காப்பீட்டுத் திட்டத்தின் விதியிலேயே, பிள்ளைகள் வேலைக்குப் போகும் வரை, அல்லது கல்யாணம் ஆகும் வரை, அல்லது 25 வயது வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் பெற்றோரின் அட்டையில் சேர்த்தி. தம்பி ஏற்கெனவே அந்த அட்டையின் நிழலில் இல்லை.

அதுவரை இருக்கும் மாதங்களுக்கு? இங்கே நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தம்பியின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். 18,000-க்குத் தம்பியிடம் 135 ரூபாய், கம்பெனி போடுவது 585. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் எத்தனையோ பையன்கள் மாதாமாதம் இந்தக் காசைக் கொடுத்துவிட்டு, வீட்டில் யாருக்காவது ஒன்று என்றால் கடன் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குடும்பத்தைப் பதிவு செய்யவே இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

இ.எஸ்.ஐ.யில் ‘குடும்பம்’ என்பதில் தொழிலாளியைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவும் உண்டு. அவர்களுடைய வருமானம் மாதம் 9,000-ஐத் தாண்டக் கூடாது. அம்மாவின் 75,000-ஐ 12-ஆல் வகுத்தால் 6,250. உள்ளேதான் வருகிறார்கள். ரேஷன் கார்டில் சேர்ந்திருந்ததால் அங்கே பாதகமான தம்பி, இங்கே சேர்ந்திருப்பதால் சாதகம்.

தம்பியின் இன்சூரன்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, அப்பா அம்மாவின் ஆதாரோடு பெயர்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு அவனுக்கு ஒதுக்கிய டிஸ்பென்சரி. அங்கிருந்து அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். ஒரு விஷயம், சாதாரண சிகிச்சை முதல் நாளிலிருந்தே உண்டு. பெரிய சிறப்புச் சிகிச்சைகளுக்கு இவ்வளவு காலம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று தனி நிபந்தனை வைத்திருக்கிறார்கள், குடும்பத்தினருக்கு அது இன்னும் கூடுதல். தம்பி சேர்ந்து மூன்று மாதம்தான். அப்பாவின் டயாலிசிஸுக்கு எப்போதிலிருந்து கிடைக்கும் என்று டிஸ்பென்சரி மருத்துவரிடமே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சீட்டில் பிடித்தமே இல்லையென்றால்? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பதிவு கட்டாயம். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கும் பெரிய நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு. முதலில் தம்பி சூப்பர்வைசரிடம் பேசட்டும். அது ஆகாவிட்டால் நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் இருக்கும் இ.எஸ்.ஐ. மண்டல அலுவலகம்.

இரண்டு திட்டங்களையும் சொல்லிவிட்டதால் ஒரு எச்சரிக்கை. ஒரு அலுவலகத்தில் “மகன் தனி, அவன் காசு எங்களுக்கு வராது” என்றும், அதே மாதம் இன்னொரு அலுவலகத்தில் “மகனைத்தான் நம்பி இருக்கிறோம்” என்றும் எழுதிக் கொடுக்காதீர்கள். இப்போது அவன் உங்கள் வீட்டில், அவன் சம்பளத்தில் அரிசி வாங்குகிறீர்கள். ஆகவே இப்போதைக்கு இ.எஸ்.ஐ. பக்கம் போவதே சரி. தைக்குப் பிறகு நிலைமையைப் பார்த்து முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், கான்ட்ராக்ட் வேலை இன்றைக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது. வேலை போனால் இ.எஸ்.ஐ.யும் பின்னாலேயே போகும். வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ் வேண்டிய மனிதரை அதில் மட்டும் கட்டிவைக்க எனக்குத் தயக்கம். தனிக்குடித்தனம் நிஜமாகவே நடந்தால் முதலமைச்சர் திட்டத்துக்கே திரும்பிவிடுங்கள்.

ஸ்டான்லியில் சிறுநீரக மருத்துவரைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் டயாலிசிஸ் உண்டு, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதற்கான பைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் ஒத்துவராது. சுத்தமான ஒரு மூலை, பொறுமையான ஒரு கை, இரண்டும் வேண்டும். காசிமேட்டு வீடுகளின் அகலம் எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா வாரம் இரண்டு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு உட்கார வேண்டியதில்லை என்பதால் கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

கடைசியாக, “அது கிடக்கட்டும்” என்று நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போன விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். இந்தக் காப்பீடு நிற்பது ரேஷன் கார்டின் மேல். கார்டில் பெயர் இல்லாதவர் திட்டத்தின் கண்ணில் இல்லை. பெயரை அப்பா கார்டிலிருந்து எடுத்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும், குழந்தைக்கே இரண்டு வயது. இத்தனை நாளும் நீங்கள் எந்தக் குடும்பத்திலும் இல்லை. குழந்தையின் பெயரும் ஏறியிருக்காது என்றே நினைக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் ஓடுகிற பெண்கள் இப்படித்தான் இரண்டு கார்டுக்கு நடுவில் விழுந்து கிடப்பார்கள். வார்டில் படுக்கும்போதுதான் தெரியும். அப்போது கணவர், “அட, சேர்க்கலையா?” என்று கேட்பார்.

உங்களுக்குத் தேவை திருமணப் பதிவுச் சான்று, ஆதார், அப்பா கார்டிலிருந்து பெயர் நீக்கிய சான்று, குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ். பொது விநியோகத் திட்ட இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இழுத்தடித்தால், சென்னையில் மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களில் மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை குறைதீர் முகாம் நடக்கிறது, அங்கே நேரில் கொடுங்கள். மாமியார் வீட்டுக் கார்டில் பெயர் ஏறியதும், அந்தக் குடும்பம் வருமான வரம்புக்குள் இருந்தால், ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் குடும்பத்தோடு போய்ப் பதிந்துவிடுங்கள். அப்பாவின் பெயர் அட்டையில் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதைக் கேட்கவும் அதே மையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். ராஜாஜி சாலைக்கு ஒரே நடையாகப் போகும்படி நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தையையும் தூக்கிக்கொண்டு.